பாய்லர் புகையை அளக்க எது சரி: டக்ட்டில் நிற்கும் ப்ரோப்பா, உறிஞ்சும் அனலைசரா, கைக்கருவியா?

பாய்லர் புகையில் ஆக்ஸிஜன் பார்க்க அனலைசர் (வாயுவின் அளவைக் காட்டும் கருவி) வாங்கப் போகிறவர் கையில் பெரும்பாலும் மூன்று கொட்டேஷன் இருக்கும். ஒன்றின் விலைக்கும் மற்றதன் விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் மூன்றிலும் துல்லியம் பற்றிய வரி மட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி அச்சாகியிருக்கும்.

அந்த வரியை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. சிலிண்டரிலிருந்து வாயுவைக் கொடுத்தால் மூன்றும் ஒரே எண்ணைத்தான் காட்டும். டக்ட்டில் (புகை போகும் பெரிய குழாயில்) மாட்டிய பிறகுதான் பிரிந்து போகும், ஏனென்றால் வாயு சென்சாரிடம் வந்துசேரும் வழி மூன்றிலும் வேறு. தவறான ரீடிங் என்று சர்வீஸுக்கு ஆளைக் கூப்பிடும்போது கோளாறு பெரும்பாலும் அந்த வழியில்தான் இருக்கும்: துளை, டியூப், ஒழுகும் ஃபிட்டிங், தண்ணீர் தேங்கிய வளைவு. ஆகவே ஒப்பிட வேண்டியது வழியை. கருவியை அப்புறம் பார்க்கலாம்.

சாயப்பட்டறை, அரிசி ஆலை, உணவுத் தொழிற்சாலைகளில் விறகு, உமி, நிலக்கரி எரிக்கும் 2 முதல் 10 டன் பாய்லர்களை (மணிக்கு அத்தனை டன் நீராவி தருபவை) மனதில் வைத்து எழுதியது இது. எண்ணெய், எரிவாயு பர்னர்களுக்கு மாறும் இடங்களில் தனியாகக் குறித்திருக்கிறது.

## முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

அந்த எண்ணை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்? டேம்பரையோ (காற்றின் வழியைக் கூட்டிக் குறைக்கும் தகடு) ஃபேன் வேகத்தையோ அது தானாக மாற்றப் போகிறதா, ஃபயர்மேன் பார்த்துக் கையால் சரிசெய்யப் போகிறாரா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகப் போகிறதா, மாதம் ஒருமுறை குறிப்பேட்டில் எழுதப் போகிறீர்களா? இந்த நான்குக்கும் ஒரே கருவி பொருந்தாது.

எந்த வாயு? எரிப்பைச் சீராக்க ஆக்ஸிஜன் போதும். கார்பன் மோனாக்சைடும் தெரிந்தால் இன்னும் நல்லது. சல்ஃபர் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் தேவைப்படுவது பெரும்பாலும் வாரியத்துக்காக.

புகை எப்படிப்பட்டது? வெப்பநிலை, சாம்பலின் அளவு, ஈரம், சல்ஃபர். ஈர விறகின் புகையும் இறக்குமதி நிலக்கரியின் புகையும் ப்ரோப்பை (டக்ட்டுக்குள் நீட்டி வைக்கும் அளவுக் குழாயை) கெடுக்கும் விதம் வேறு வேறு.

ஈரம் சேர்ந்த கணக்கா, உலர்ந்த கணக்கா? இதைக் கேட்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம். டக்ட்டில் நிற்கும் ப்ரோப் நீராவியையும் சேர்த்த புகையை அளக்கும். மற்ற இரண்டும் தண்ணீரைப் பிரித்தபின் அளக்கும். புகையில் 15 சதவீதம் நீராவி இருந்தால், உலர் கணக்கில் 6 சதவீத ஆக்ஸிஜன் ஈரக் கணக்கில் 5.1 ஆகத் தெரியும். இரண்டுமே சரி. இது தெரியாமல் கைக்கருவியின் எண்ணுக்குப் பொருந்துமாறு ப்ரோப்பைத் திருகிவைத்துவிட்டு, அடுத்த மாதம் விறகின் ஈரம் மாறியதும் மறுபடி திருகுகிறவர்கள் உண்டு.

யார் பராமரிப்பார்? ஷிஃப்டில் ஓர் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் இருக்கிறாரா, எலக்ட்ரீஷியன் மட்டுமா, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் வந்தால்தான் உண்டா?

பாய்லர் எத்தனை முறை நிற்கும்? தினமும் இரவில் நின்று காலையில் பற்றவைக்கும் பாய்லர், மாதக்கணக்கில் ஓடும் பாய்லரைவிட ப்ரோப்பைச் சீக்கிரம் கெடுக்கும். காரணம் கீழே வரும்.

செலவழிக்கும் பணம் திரும்பி வருமா என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. அதிகப்படிக் காற்றின் சதவீதம் என்பது ஆக்ஸிஜனை, 21-இலிருந்து ஆக்ஸிஜனைக் கழித்த எண்ணால் வகுத்து நூறால் பெருக்கியது. ஆக்ஸிஜன் 11 என்றால் அதிகப்படிக் காற்று 110 சதவீதம்; 7 என்றால் 50. முப்பது சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ விறகுக்குத் தேவையான காற்று சுமார் 4.2 கிலோ. அதில் 60 சதவீதம், அதாவது இரண்டரைக் கிலோ காற்றை, 32 டிகிரியிலிருந்து 200 டிகிரி வரை சூடாக்கி வீணே புகைபோக்கியில் விட்டால் ஏறக்குறைய 100 கிலோகலோரி போகிறது. அந்த விறகின் வெப்பம் சுமார் 3150 கிலோகலோரி. போவது 3 சதவீதம். நாளைக்கு 15 டன் விறகு தின்னும் 3 டன் பாய்லருக்கு இது தினமும் 450 கிலோ விறகு. உங்கள் ஊர் விறகு விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த மிச்சத்தைத் தருவது காற்றைக் குறைக்கும் கைதான். அனலைசர் எண்ணைக் காட்டும், அவ்வளவே.

## ஒரே பார்வையில்

| | டக்ட்டில் நிற்கும் சிர்கோனியா ப்ரோப் | உறிஞ்சி எடுக்கும் அனலைசர் | கைக்கருவி |
|---|---|---|---|
| அளப்பது | ஆக்ஸிஜன் மட்டும் | ஆக்ஸிஜன், கார்பன் மோனாக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் | ஆக்ஸிஜன், கார்பன் மோனாக்சைடு. கூடுதல் சென்சார் போட்டால் மற்றவை |
| கணக்கு | ஈரம் சேர்ந்தது | உலர்ந்தது | உலர்ந்தது |
| பதில் தரும் நேரம் | சில விநாடிகள் | டியூப் நீளத்தைப் பொறுத்து அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் | ஒன்றிரண்டு நிமிடம் |
| தொடர்ந்து ஓடுமா | ஓடும் | ஓடும் | ஓடாது; ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் |
| தேய்ந்து போவது | செல், ஹீட்டர், முனை ஃபில்டர் | ஃபில்டர்கள், பம்ப் டயஃப்ரம், வடிகால் பம்ப்பின் குழாய், ஹீட்டட் லைன் | சென்சார்கள். பயன்படுத்தாவிட்டாலும் தீரும் |
| கவனிப்பு | குறைவு | வாரந்தோறும் | ஒவ்வொரு முறையும் |
| ஃபேன் கட்டுப்பாட்டுக்கு | பொருந்தும் | தாமதமாகும் | இல்லை |
| வாரியத்துக்குத் தொடர் தரவு | தனியாகப் போதாது | பொருந்தும் | இல்லை |

## எதை வாங்கினாலும் துளை சரியாக இருக்க வேண்டும்

எரிப்பைக் கட்டுப்படுத்த அளக்கிறீர்கள் என்றால் துளையின் இடம் பாய்லரின் கடைசிப் பாஸுக்கும் (பாய்லருக்குள் புகை கடைசியாகக் கடக்கும் சுற்று) ஏர் ப்ரீஹீட்டருக்கும் (புகையின் சூட்டால் எரிப்புக் காற்றைச் சூடாக்கும் பகுதி) இடையில். புகைபோக்கியில் வைத்தால் வழியில் புகுந்த காற்றெல்லாம் சேர்ந்து தெரியும். ஐ.டி. ஃபேன் (புகையைப் புகைபோக்கிக்கு இழுக்கும் விசிறி) இழுப்பதால் டக்ட்டுக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. எங்கே ஓட்டை இருந்தாலும் புகை வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஓட்டை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏர் ப்ரீஹீட்டருக்கு முன் 6 சதவீதமும் பின் 9 சதவீதமும் இருந்தால், புகையின் அளவில் ஏறக்குறைய கால்பங்கு காற்று நடுவில் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த 9-ஐப் பார்த்து ஃபயர்மேன் காற்றைக் குறைத்தால் அடுப்பில் கரும்புகைதான் மிச்சம்.

வாரியத்துக்கான அளவீடு இதற்கு நேர்மாறு. அது வெளியே போகும் புகையைப் பற்றியது. எல்லாச் சுத்திகரிப்புக் கருவிகளுக்கும் பின்னால், புகைபோக்கியில்தான் வரும். இரண்டு வேலைக்கும் ஒரே துளை என்று யாராவது சொன்னால் அந்தக் கொட்டேஷனைத் தள்ளிவைக்கலாம்.

நாசிலை (ப்ரோப்பை மாட்டும் குட்டைக் குழாய்) வெல்டு செய்யும் முன் 12 மி.மீ. துளை ஒன்று போட்டு, கைக்கருவியின் ப்ரோப்பை டக்ட்டின் குறுக்கே ஐந்து ஆழங்களில் வைத்துப் பாருங்கள். அரை சதவீதத்துக்குள் எல்லாம் ஒத்துவந்தால் அகலத்தின் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போதும். இரண்டு மூன்று சதவீதம் வேறுபட்டால் அருகில் வளைவோ ஓட்டையோ இருக்கிறது, இடத்தை மாற்றுங்கள். கைக்கருவி இல்லாவிட்டால் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தாவது இதைச் செய்யலாம். தவறான இடத்தில் வெல்டு செய்த நாசிலை வெட்டி எடுப்பதைவிட அது மலிவு.

நாசில் குட்டையாக, 100 முதல் 150 மி.மீ. வரை இருந்தால் போதும். நீளமான நாசிலுக்குள் புகை தேங்கிக் குளிர்ந்து அமிலத் தண்ணீர் சேரும். நாசிலும் ஃபிளாஞ்சும் (போல்ட் போடும் வளையத் தகடு) இன்சுலேஷனுக்குள் இருக்க வேண்டும். வெளியே தெரியும் உலோகம் மழைக்காலத்தில் வியர்த்து ஒழுகும். ஃபிளாஞ்சில் போல்ட் துளை வட்டம் அமெரிக்க, ஜப்பானிய, ஜெர்மானிய அளவுகளில் வேறு வேறு. 3 அங்குலம் என்று மட்டும் ஆர்டரில் எழுதினால் ப்ரோப் வந்து சேர்ந்த நாளில் போல்ட் உட்காராது. வரைபடம் வாங்கிக்கொண்டு வெல்டு செய்யுங்கள்.

ப்ரோப்பை வெளியே இழுக்க அதன் முழு நீளத்தோடு இன்னும் அரை மீட்டர் இடம் வேண்டும். பக்கத்தில் தூணோ பைப்போ இருந்தால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஃபிளாஞ்சோடு சேர்த்து வளைக்கத்தான் வேண்டும். நின்று வேலை செய்ய மேடையும் கைப்பிடியும் தேவை. இந்தச் செலவை எந்தக் கொட்டேஷனும் சொல்வதில்லை.

## டக்ட்டில் நிற்கும் சிர்கோனியா ப்ரோப்

முனையில் உள்ள சிர்கோனியா பீங்கான் செல்லை ஒரு ஹீட்டர் 700 டிகிரிக்கு மேல் சூடாக்கி வைக்கும். ஒருபக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்ஸிஜன் வேறுபாட்டுக்கு ஏற்ப மில்லிவோல்ட் உண்டாகும். 750 டிகிரியில் ஓடும் செல்லுக்கு எண்கள் இவை: வெளிக்காற்றில் 0, ஆக்ஸிஜன் 5 சதவீதத்தில் 31.6, 2 சதவீதத்தில் 51.8, 1 சதவீதத்தில் 67 மில்லிவோல்ட். ஆக்ஸிஜன் குறையக் குறைய வோல்ட்டேஜ் ஏறும். இந்த நான்கு எண்களைப் பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தால், மல்டிமீட்டரை வைத்துக் கோளாறு செல்லிலா எலக்ட்ரானிக்ஸிலா என்று அரை நிமிடத்தில் பிரித்துவிடலாம். வேறு வெப்பநிலையில் ஓடும் மாடலுக்கு எண்கள் சற்று மாறும்.

மாட்டும் முறை. முனை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி கிடைமட்டமாக, அல்லது மேலிருந்து செங்குத்தாக. இரண்டு மீட்டருக்கு மேல் நீளமானதைக் கிடைமட்டமாகப் போட்டால் சூட்டில் தொய்ந்துவிடும். சாம்பல் அதிகமுள்ள புகைக்கு முனையைச் சுற்றி ‘வி’ வடிவத் தடுப்பு வரும். அதன் கூர்முனை புகை வரும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஃபில்டருக்குள் சாம்பலை அதுவே அள்ளிப் போடும். ஃபிளாஞ்சுக்கு கிராஃபைட் கேஸ்கெட். சிலிக்கான் பேஸ்ட்டைக் கையில் எடுக்கவே வேண்டாம். அதன் ஆவி செல்லின் மேல் படிந்து அதை மந்தமாக்கும்.

இணைக்க வேண்டியவை. ஹீட்டருக்கு மின்சாரம், செல்லின் மில்லிவோல்ட், தெர்மோகப்பிள் (செல்லின் வெப்பநிலையை அளக்கும் கம்பி), சில மாடல்களில் ரெஃபரன்ஸ் காற்று (செல்லின் ஒருபக்கம் வேண்டிய வெளிக்காற்று), காலிபரேஷன் வாயுவுக்கு (அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்துச் சரிபார்க்க) ஒரு டியூப். எலக்ட்ரானிக்ஸ் பெட்டி ப்ரோப் தலையிலேயே இருப்பது ஒரு வகை; கேபிள் வழியாகத் தள்ளி, கட்டுப்பாட்டு அறையில் இருப்பது இன்னொரு வகை. பாய்லர் மேல்தளம் 60 டிகிரி சூட்டில் இருக்குமானால் தள்ளி வைப்பதே நல்லது. அப்போது தெர்மோகப்பிளுக்கு அதே வகைக் காம்பன்சேட்டிங் கேபிள்தான் போட வேண்டும். சாதாரணச் செம்புக் கம்பி போட்டால், தலைப்பெட்டிக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் முழுவதும் பிழையாகிவிடும். செல் தேவையைவிடச் சூடாக ஓடி ஆயுள் குறையும். ஹீட்டர் கேபிளும் மில்லிவோல்ட் கேபிளும் ஒரே பைப்பில் போகக் கூடாது.

காலிபரேஷன். சிர்கோனியாவுக்குச் சுத்த நைட்ரஜனை ஸீரோ வாயுவாகக் கொடுக்க முடியாது. செல்லின் வோல்ட்டேஜ் மடக்கை (லாக்) கணக்கில் வருவது; ஆக்ஸிஜனே இல்லாத இடத்தில் அந்தக் கணக்குக்கு முடிவில்லை. நைட்ரஜனில் 1 சதவீதம், சில மாடல்களுக்கு 0.4 சதவீதம் ஆக்ஸிஜன் கலந்த சிலிண்டர் வேண்டும். மறுமுனைக்குச் சுத்தமான இன்ஸ்ட்ருமென்ட் காற்றோ 8 சதவீதச் சிலிண்டரோ, மாடலைப் பொறுத்து. வாயு ஓட்டமும் அப்படித்தான்: ஒன்றுக்கு நிமிடத்துக்கு 600 மில்லி, இன்னொன்றுக்கு இரண்டரை லிட்டர். பழைய கருவியின் பழக்கத்தில் ஓட்டம் வைத்தால் செல் குளிர்ந்தோ, புகை கலந்தோ தவறான எண் பதிவாகும்.

கெடுவது எதனால். முதல் எதிரி, பாய்லர் நிற்கும்போது ஹீட்டரையும் நிறுத்துவது. சூடில்லாத செல்லின் மேல் ஈரமும் அமிலமும் சாம்பலும் படிந்து, காலையில் சூடேறும்போது கெட்டித்துவிடும். ஆகவே ப்ரோப்பின் மின்சாரம் பாய்லர் பேனலிலிருந்து வரக் கூடாது. தனி லைனில், இயன்றால் யு.பி.எஸ்ஸில் இருக்கட்டும். பாய்லரைப் பற்றவைக்கும் முன் ப்ரோப் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். எக்கனாமைசரை (புகையின் சூட்டால் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும் பகுதி) தண்ணீர் விட்டுக் கழுவும் நாளில் ப்ரோப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

அடுத்தது, ரீடிங் எப்போதும் அதிகமாகக் காட்டுவது. காலிபரேஷன் டியூபின் மூடியைத் திருகாமல் விட்டிருந்தால் ஐ.டி. ஃபேன் அதன் வழியே காற்றை நேராகச் செல்லுக்கு இழுத்துவரும். ரெஃபரன்ஸ் காற்றில் கம்ப்ரஸர் எண்ணெய் ஆவி இருந்தால் சூட்டில் அது எரிந்து அந்தப் பக்கத்து ஆக்ஸிஜனைக் குறைக்கும். அப்போதும் ரீடிங் மேலே போகும். தலைகீழாக, புகையில் கார்பன் மோனாக்சைடு நிறைய இருந்தால் செல்லின் சூட்டில் அது எரிந்து ரீடிங் குறையும். 5000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5000 பங்கு) இருந்தால் 0.25 சதவீதம் குறையும். கட்டுப்பாட்டுக்கு இது பெரிய விஷயமில்லை.

எரிவாயு, டீசல் பர்னர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 700 டிகிரியில் நிற்கும் செல் ஒரு தீப்பொறிக்குச் சமம். சுடர் அணைந்து எரியாத வாயு டக்ட்டில் நிறைந்தால் அதுவே பற்றவைத்துவிடும். சுடர் தடுப்பு உள்ள ப்ரோப்பும், சுடர் அணைந்ததும் ஹீட்டரைத் துண்டிக்கும் இன்டர்லாக்கும் இல்லாமல் மாட்டக் கூடாது. ஹீட்டரை நிறுத்தவே கூடாது என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

கொட்டேஷனில் விடுபடும் செலவுகள்: இரண்டு காலிபரேஷன் சிலிண்டர், இரட்டை நிலை ரெகுலேட்டர்கள், காற்று ட்ரையரும் எண்ணெய் ஃபில்டரும், யு.பி.எஸ்., மழைக்கூரை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செல். செல்லைத் தனியாக மாற்ற முடியுமா, ப்ரோப்பையே மாற்ற வேண்டுமா என்பதை வாங்கும் முன் எழுத்தில் கேளுங்கள். ஆரம்ப விலையில் கிடைத்த தள்ளுபடி அங்கேதான் திரும்பிப் போகும்.

இது ஏற்ற இடம்: எரிபொருள் தானாக ஊட்டப்படும், ஃபேன்களுக்கு வேகக் கட்டுப்பாடு இருக்கும், தொடர்ந்து ஓடும் பாய்லர்.

## உறிஞ்சி எடுக்கும் அனலைசர்

இங்கே சென்சார் டக்ட்டில் இல்லை. புகையை உறிஞ்சி, சாம்பலை வடிகட்டி, தண்ணீரைப் பிரித்து, உலர்ந்த குளிர்ந்த வாயுவை அறைக்குள் இருக்கும் அனலைசருக்குக் கொண்டுவருகிறோம். விலையில் பெரும்பங்கும் தொல்லையில் முக்கால்பங்கும் அந்தக் கொண்டுவருதலில்தான்.

வரிசை இப்படி: 180 டிகிரியில் சூடாக வைத்த ப்ரோப் தலை, அதற்குள் பீங்கான் ஃபில்டர், அதே வெப்பத்தில் ஹீட்டட் லைன், சுமார் 4 டிகிரிக்குக் குளிர்விக்கும் கூலர், சேரும் தண்ணீரை வெளியேற்றும் பெரிஸ்டால்டிக் பம்ப், உறிஞ்சும் டயஃப்ரம் பம்ப், நுண் ஃபில்டர், ஓட்ட அளவி, கடைசியாக அனலைசர். ஓட்டம் பொதுவாக மணிக்கு 60 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர்.

ப்ரோப் குழாய் டக்ட்டை நோக்கி 10, 15 டிகிரி சரிந்திருந்தால் உள்ளே குளிர்ந்து சேரும் நீர் டக்ட்டுக்கே திரும்பும். ஹீட்டட் லைன் ப்ரோப்பிலிருந்து கூலர் வரை சீராக இறங்கிவர வேண்டும். நடுவில் தொங்கும் வளைவு இருக்கக் கூடாது. லைனுக்கும் ப்ரோப்புக்கும் நடுவே, லைனுக்கும் கூலருக்கும் நடுவே விடும் பத்து சென்டிமீட்டர் சூடில்லாத இணைப்புகள்தான் வழக்கமான குற்றவாளி. சல்ஃபர் உள்ள புகையில் அமிலம் 120 முதல் 150 டிகிரியிலேயே திரவமாகப் படியத் தொடங்கும். அந்தக் குளிர்ந்த பத்து சென்டிமீட்டரில் அமிலம் குழாயை அரிப்பது ஒருபுறம், சல்ஃபர் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து ரீடிங் குறைவது இன்னொருபுறம். குறைவான ரீடிங் வந்தால் யாரும் புகார் சொல்வதில்லை என்பதால் இது மாதக்கணக்கில் கண்ணில் படாமலே போகும்.

தாமதத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 4 மி.மீ. உள்விட்டமுள்ள டியூப் ஒரு மீட்டருக்கு 12.6 மில்லி கொள்ளும். 20 மீட்டர் லைனுக்கு கால் லிட்டர், ஒரு லிட்டர் ஓட்டத்தில் 15 விநாடி. அதையே 6 மி.மீ. டியூபில் 30 மீட்டர் இழுத்தால் 50 விநாடி. ஃபில்டர், கூலர், அனலைசரின் சொந்தத் தாமதம் இதோடு சேரும். வாரியத்துக்கு இது பொருட்டல்ல. டேம்பரைத் தானாக ஆட்டுவதற்கு இந்தத் தாமதம் அதிகம். எண் வந்துசேர்வதற்குள் அடுப்பின் நிலை மாறியிருக்கும்.

ஹீட்டட் லைனுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 80 முதல் 100 வாட் வேண்டும். இருபது மீட்டர் என்றால் இரண்டு கிலோவாட் வரை நாள் முழுவதும் ஓடும். அதை வெட்டிச் சுருக்க முடியாது; நீளத்தை அளந்தே ஆர்டர் செய்ய வேண்டும். மீதி பத்து மீட்டரைச் சுருட்டிக் கட்டிவைத்தால் சுருளுக்குள் சூடு தேங்கி உள்ளிருக்கும் டெஃப்லான் கெட்டுவிடும்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க, ப்ரோப் முனையில் நைட்ரஜனை மிச்சம் வழியும் அளவுக்குக் கொடுங்கள். ஆக்ஸிஜன் பூஜ்யத்துக்கு வர வேண்டும். 0.8-இல் நின்றுவிட்டால் பம்ப்புக்கு முன் எங்கோ காற்று புகுகிறது. நைட்ரஜனை அனலைசரின் பின்பக்கம் நேராகக் கொடுத்து “காலிபரேஷன் ஓகே” என்று எழுதிவிட்டுப் போகும் சர்வீஸ் ஆள், சோதிக்க வேண்டிய வழி முழுவதையும் விட்டுவிட்டுப் போகிறார். காலிபரேஷன் எப்போதும் ப்ரோப் தலையிலிருந்துதான்.

கூலருக்குப் பின் ஒரு ஈர சென்சாரும், அது நனைந்தால் பம்ப்பை நிறுத்தும் ரிலேயும் கட்டாயம். பெரிஸ்டால்டிக் பம்ப்பின் ரப்பர் குழாய் ஒரு சின்ன உதிரிப் பொருள்தான். அது கிழிந்து தண்ணீர் அனலைசருக்குள் போனால் அளக்கும் செல்லும் ஒளியால் அளக்கும் பாகங்களும் சேர்ந்து கெட்டுப்போகும். சாம்பல் அதிகமுள்ள இடத்தில் காற்றைத் திருப்பி ஊதி ஃபில்டரைச் சுத்தம் செய்யும் வசதி வேண்டும். ஊதும் காற்று குளிர்ந்திருந்தால் ஃபில்டரின் மேல் ஈரம் படிந்து சாம்பல் சேறாகும்.

கொட்டேஷனில் விடுபடும் செலவுகள்: ஏ.சி. அறை, அதற்கு மின்சாரம், ஒவ்வொரு வாயுவுக்கும் சிலிண்டர், காலாவதியாகும் சிலிண்டர்களை மாற்றுவது, வாரியத்துக்குத் தரவு அனுப்பும் பெட்டியும் அதன் ஆண்டுக் கட்டணமும், அமிலத் தண்ணீருக்கு வடிகால்.

இது ஏற்ற இடம்: இசைவாணையில் (வாரியம் தரும் அனுமதி) தொடர் கண்காணிப்பு நிபந்தனை இருக்கும் ஆலை. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்குத் தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அந்தத் தரவு மாநில வாரியத்தின் ‘கேர் ஏர் சென்டர்’ மையத்துக்குப் போகிறது. எந்த வாயு, எந்தப் புகைபோக்கி என்பது உங்கள் இசைவாணையில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் நான்கு வாயு அனலைசர் வாங்குவது வீண். கட்டாயம் இல்லாத 3 டன் விறகு பாய்லருக்கு, எரிப்பைப் பார்க்க மட்டும் இதை வாங்குவதும் அப்படித்தான்.

## கைக்கருவி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பிபோன்ற ஒரு ப்ரோப், ரப்பர் ஹோஸ், தண்ணீர் பிடிக்கும் சின்னக் கிண்ணம், எலக்ட்ரோகெமிக்கல் சென்சார்கள், பம்ப். மாட்டுவதற்கு எதுவும் இல்லை. மூடியுள்ள ஒரு துளை போதும்.

பயன்படுத்தும் ஒழுங்குதான் முக்கியம். பாய்லர் அறைக்கு வெளியே நல்ல காற்றில் ஆன் செய்து ஸீரோ எடுக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் எடுத்தால் அன்றைய எல்லா எண்ணும் தவறு. துளையைச் சுற்றிக் கூம்பு மூடியால் அடைக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் செங்குத்தாக நிற்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் புகையில் வைக்காமல், கார்பன் மோனாக்சைடு பூஜ்யத்துக்கு வரும்வரை வெளிக்காற்றில் ஓடவிட்டே அணைக்க வேண்டும். விறகு அடுப்பின் கதவைத் திறந்து எரிபொருள் போட்ட கணத்தில் கார்பன் மோனாக்சைடு பல ஆயிரம் பி.பி.எம். தாண்டும், சாதாரண சென்சார் அதில் மூழ்கிவிடும். காற்று கலந்து நீர்க்கச் செய்யும் வசதி உள்ள மாடலை விறகு பாய்லர்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

மறைந்த செலவு சென்சார் ஆயுள். ஆக்ஸிஜன் சென்சார் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு, அலமாரியில் கிடந்தாலும். ஆண்டுக்கு நான்கு முறை எடுப்பவருக்கு ஆடிட் செய்ய வெளியாளை அழைப்பது மலிவாக இருக்கலாம். ஒரே வளாகத்தில் நான்கைந்து பாய்லர், தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர் (எண்ணெயைச் சூடாக்கிச் சுற்றவிடும் அடுப்பு) வைத்திருப்பவருக்குச் சொந்தக் கருவி லாபம்.

## பி.எல்.சி.யோடு இணைக்கும்போது

நிலையான இரண்டு வகைக்கும் பொதுவான சிக்கல்கள் இவை. 4–20 மில்லி ஆம்பியர் லூப்பில் (அளந்த எண்ணை மின்னோட்டமாக அனுப்பும் கம்பி இணைப்பு) மின்சாரம் தருவது அனலைசரா, பி.எல்.சி. (கட்டுப்பாட்டுக் கணினி) கார்டா என்று முதலில் பாருங்கள். இரண்டும் கொடுத்தால் கார்டு போகலாம். இரண்டும் கொடுக்காவிட்டால் பூஜ்யம். ஷீல்டு கம்பியை ஒரு முனையில், பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு முனையிலும் செய்தால் ஃபேன் டிரைவ் ஓடும்போதெல்லாம் ரீடிங் ஆடும்.

ரேஞ்ச் பொருந்தாமை கண்ணுக்குத் தெரியாத தவறு. அனலைசர் 0–25 சதவீதம், பி.எல்.சி. 0–21 சதவீதம் என்று இருந்தால், 5 சதவீத ஆக்ஸிஜன் 7.2 மில்லி ஆம்பியராகப் போய், திரையில் 4.2 என்று வரும். நம்பும்படியான எண் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அனலைசர் மெனுவிலிருந்து 4, 12, 20 மில்லி ஆம்பியரை வரிசையாக அனுப்பி, திரையில் 0, 12.5, 25 வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

காலிபரேஷன் நடக்கும்போது அவுட்புட் பழைய எண்ணிலேயே நிற்கும்படி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் 1 சதவீத வாயு கொடுத்ததும் கட்டுப்பாடு ஃபேனை முழு வேகத்துக்கு ஏற்றிவிடும். கோளாறு வந்தால் 3.6 மில்லி ஆம்பியருக்கு இறங்கும்படி வைத்து, அந்த அளவைக் கண்டதும் டேம்பர் கையால் இயக்கும் முறைக்கு மாறும்படி பி.எல்.சி.யில் எழுதச் சொல்லுங்கள்.

## யாருக்கு எது

கையால் விறகு போடும் 2, 3 டன் பாய்லர்: முதலில் கைக்கருவி. அதை வைத்து டக்ட்டின் ஓட்டைகளை, கதவுகளின் கயிறு கேஸ்கெட்டுகளை, ஏர் ப்ரீஹீட்டரின் கசிவைக் கண்டுபிடித்து அடைத்துவிடுங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் ஆக்ஸிஜன் தாறுமாறாக ஆடும் இடத்தில் தானியங்கிக் கட்டுப்பாடு ஓடாது. ஃபயர்மேன் பார்க்கும்படி பெரிய எழுத்துத் திரையோடு ஒரு ப்ரோப் வைக்கலாம், ஆனால் ஓட்டைகளை அடைத்த பிறகு.

உமி, நிலக்கரி தானாக ஊட்டும் 5 டன்னுக்கு மேற்பட்ட பாய்லர்: டக்ட்டில் நிற்கும் ப்ரோப், ஃபேன் வேகக் கட்டுப்பாட்டோடு. சரிபார்க்க ஒரு கைக்கருவி பொதுவில் இருக்கட்டும். ஒப்பிடும்போது ஈர, உலர் கணக்கை மறக்க வேண்டாம்.

தினமும் நின்று ஓடும், மின்வெட்டு அதிகமுள்ள இடம்: யு.பி.எஸ். போட மனமில்லையென்றால் நிலையான ப்ரோப்பை வாங்காதீர்கள். செல்கள் வாங்கியே கை சலித்துவிடும்.

எரிவாயு பர்னர்: இன்டர்லாக் வைக்க முடிந்தால் ப்ரோப், முடியாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கருவியில் டியூனிங்.

வாரியக் கட்டாயம் உள்ள ஆலை: புகைபோக்கியில் உறிஞ்சும் அனலைசர், பாய்லரிலிருந்து புகை வெளியேறும் இடத்தில் தனியாகச் சிர்கோனியா ப்ரோப். ஒன்றை வைத்து இரண்டையும் செய்யப் பார்த்தால் இரண்டுமே சரியாக நடக்காது.

எதை ஆர்டர் செய்தாலும், டக்ட்டின் உள் அகலம், சுவர் மற்றும் இன்சுலேஷன் தடிமன், அந்த இடத்துப் புகையின் அதிகபட்ச வெப்பநிலை, உள்ளழுத்தம், ப்ரோப்பிலிருந்து பேனல் வரை கேபிள் போகும் உண்மையான நீளம் ஆகிய ஐந்தையும் எழுதி அனுப்பி, அதற்கேற்ற நீளத்தையும் ஃபிளாஞ்சையும் விற்பவரே உறுதிசெய்து கையெழுத்திட்ட வரைபடத்தை வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.